ஸ்கேனர் வாங்கியாச்சு, ஒன்றும் கேட்கவில்லை: அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

கையடக்க ரேடியோ ஸ்கேனரை (விமானம், கப்பல், வாக்கி டாக்கி போன்றவற்றின் பேச்சைப் பல அலைவரிசைகளில் மாறி மாறித் தேடிப் பிடிக்கும் கருவி) பெட்டியிலிருந்து எடுத்து, பேட்டரி போட்டு, ஸ்கேன் பட்டனை அழுத்தியாயிற்று. திரையில் எண்கள் ஓடுகின்றன. ஒரு குரலும் இல்லை. பத்து நிமிடம் கழித்துக் ‘கரக்’ என்று ஒரு சத்தம் வந்து உடனே அடங்குகிறது. இந்த இடத்தில்தான் பலர் ‘இது பழுது’ என்று முடிவுகட்டி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் நிஜமாகவே வருத்தம். பழுது என்று என்னிடம் வந்த ஸ்கேனர்களில் உண்மையில் பழுதானவை மிகக் குறைவு. ஏதோ ஒரு செட்டிங் மாறியிருக்கும், இல்லாவிட்டால் அந்த நேரத்தில் யாருமே பேசியிருக்க மாட்டார்கள்.

வானொலி நிலையம் நாள் முழுக்க ஒலிபரப்பும். ஸ்கேனரில் நாம் கேட்பது அப்படியல்ல. யாரோ ஒருவர் பட்டனை அழுத்தி மூன்று நான்கு நொடி பேசிவிட்டு விடுகிறார், அவ்வளவுதான். நடுவில் அரை மணி நேரம் மௌனமாக இருப்பது சாதாரணம்.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை. ஸ்கேனர் வைத்திருக்க உரிமம் வேண்டுமா, எந்தெந்த அலைவரிசையைக் கேட்கலாம் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் இருக்கும் நாட்டின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். காதில் விழுந்ததை வெளியே பரப்புவதைத் தனிக் குற்றமாக வைத்திருக்கும் நாடுகளும் உண்டு.

முதலில் ஓர் உரைகல்

எந்த அறிகுறியை ஆராய்வதற்கும் முன்னால், எந்நேரமும் ஒலித்துக்கொண்டிருக்கும் ஒரு சிக்னலைக் கண்டுபிடித்து மெமரியில் போட்டு வையுங்கள். தங்கத்தை உரைகல்லில் உரசுவதுபோல, சந்தேகம் வரும்போதெல்லாம் ஸ்கேனரை இதில் உரசிப் பார்க்கலாம்.

உங்கள் ஸ்கேனர் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை எடுக்கும் என்றால் சாதாரண எஃப்.எம். நிலையமே போதும். மோடை, அதாவது சிக்னலை எந்த முறையில் பிரித்துக் கேட்பது என்ற செட்டிங்கை, ‘வைட் எஃப்.எம்.’ என்று வைக்க வேண்டும். அந்தப் பகுதியே இல்லாத ஸ்கேனர்களும் உண்டு. அப்படியானால், விமான நிலையத்துக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஏடிஸ் என்ற தானியங்கி அறிவிப்பு கைகொடுக்கும். காற்றின் திசை, வேகம், பயன்பாட்டில் உள்ள ஓடுபாதை, காற்றழுத்தம் எல்லாவற்றையும் ஒரு குரல் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு 162.400 முதல் 162.550 மெகாஹெர்ட்ஸ் வரை ஏழு வானிலைச் சேனல்கள் இருக்கின்றன. வட்டாரத்தில் எது வருகிறதோ அது இருபத்து நான்கு மணி நேரமும் பேசும்.

இந்த உரைகல் சிக்னல் தெளிவாகக் கேட்கிறதென்றால் ரிசீவர், ஆன்டெனா, ஸ்பீக்கர் மூன்றும் ஓரளவு நன்றாகவே இருக்கின்றன என்று அர்த்தம். மற்றதெல்லாம் செட்டிங்கும் சூழலும்தான்.

அறிகுறி: திரை எரிகிறது, துளி சத்தமும் இல்லை

இதற்கு முதல் காரணம் ஸ்குவெல்ச். சிக்னல் இல்லாதபோது வரும் ‘ஸ்ஸ்ஸ்’ என்ற இரைச்சல் காதுக்குப் போகாமல் தடுக்கும் கதவுதான் அது. கதவை இறுக்கி அடைத்துவிட்டால் இரைச்சலோடு சேர்ந்து மெல்லிய குரல்களும் வெளியிலேயே நின்றுவிடும்.

சரிசெய்யும் முறை இது. ஸ்கேனை நிறுத்துங்கள். யாரும் பேசாத ஒரு சேனலில் நில்லுங்கள். ஒலியளவைப் பாதிக்கு வைத்து, ஸ்குவெல்ச்சை முழுவதும் திறந்துவிடுங்கள். கடலோரத்தில் தூரத்து அலை கேட்பதுபோல ஒரே சீரான இரைச்சல் வர வேண்டும். பிறகு மெல்ல மெல்ல மூடிக்கொண்டே வாருங்கள். ஓர் இடத்தில் இரைச்சல் விட்டு விட்டு வரும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் சட்டென்று அடங்கும். அங்கேயே கையை எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் திருப்பும் ஒவ்வொரு படிக்கும் தூரத்துக் குரல் ஒன்றை இழக்கிறீர்கள். மெனுவில் எண்ணாக வைக்கும் மாடல்களிலும் இதே கதைதான்: 0-விலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றி, அமைதியாகும் முதல் எண்ணில் நிற்க வேண்டும்.

ஸ்குவெல்ச் திறந்திருந்தும் இரைச்சல் வரவில்லையா? ஒலியளவைப் பாருங்கள். அப்புறம் இயர்போன் துளையில் ஒரு பிளக்கை இரண்டு மூன்று முறை செருகி எடுங்கள். உள்ளே இருக்கும் சிறிய சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் ஸ்பீக்கர் துண்டிக்கப்பட்டே கிடக்கும். பட்டன்கள் எதற்கும் அசையவில்லை என்றால் திரையில் சாவிப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். அது விசைப்பூட்டு.

அறிகுறி: இரைச்சல் வருகிறது, பேச்சு வரவில்லை

இங்கேதான் நிதானம் வேண்டும். நான்கு விஷயங்களை வரிசையாகப் பார்ப்பேன்.

மோடு. விமானப் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை ஏ.எம்.மில் நடக்கிறது. கப்பல், டாக்சி, காவலாளிகளின் வாக்கி டாக்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும் அமெச்சூர்களின் 2 மீட்டர் பட்டை (பட்டை என்றால் அலைவரிசைத் தொகுதி) எல்லாம் பெரும்பாலும் எஃப்.எம். விமான அலைவரிசையை எஃப்.எம்.மில் வைத்துக் கேட்டால் வாயில் துணி வைத்துப் பேசுவதுபோல மங்கலாக வரும், அல்லது வரவே வராது. ‘ஆட்டோ’ என்ற மோடு இருந்தால் அதையே நம்பலாம். யாரோ முன்பு கையால் மாற்றி வைத்த பழைய ஸ்கேனர் என்றால் சேனல் சேனலாகச் சரிபாருங்கள்.

எண். நீங்கள் எடுத்த அலைவரிசைப் பட்டியல் பழையதாக இருக்கலாம். பல சேவைகள் டிஜிட்டலுக்கு மாறிவிட்டன; அந்த எண்ணில் இப்போது யாரும் இல்லை. பட்டியலை நம்புவதைவிட, ஒரு எல்லைக்குள் எல்லா எண்களையும் தேடும் ‘சர்ச்’ வசதியை ஒரு மாலை நேரம் ஓடவிட்டு, எங்கே நிற்கிறது என்று குறித்து வைப்பது எவ்வளவோ மேல். நோட்டுப் புத்தகத்தில் எண், நேரம், கேட்டது என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். ஒரு வாரத்தில் உங்கள் வட்டாரத்துக்கென்று ஒரு பட்டியல் தானாகச் சேர்ந்துவிடும்.

ஆன்டெனா. பெட்டியோடு வரும் ரப்பர் ஆன்டெனா எல்லாப் பட்டைகளுக்கும் ஓரளவு பொருந்தும், எதற்கும் முழுதாகப் பொருந்தாது. இழுத்து நீட்டும் ஆன்டெனா கிடைத்தால் பெரிய வித்தியாசம் தெரியும். கால் அலை நீளத்துக்குக் கணக்கு சுலபம்: 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் நீளம் வரும். விமானப் பட்டையின் நடுவே 125 என்று வைத்துக்கொண்டால் 60 சென்டிமீட்டர். கப்பல்களின் 156.8-க்கு 48 சென்டிமீட்டர். 440-க்கு வெறும் 17. ஆகவே எப்போதும் முழுக்க இழுத்து வைப்பது சரியில்லை. கேட்கும் பட்டைக்குத் தகுந்தபடி இழுக்க வேண்டும். ஆன்டெனா செங்குத்தாக நிற்கட்டும். இந்தச் சேவைகள் எல்லாம் செங்குத்தாகவே அலையை அனுப்புகின்றன. மேசையில் படுக்க வைத்தால் பாதி சிக்னல் அங்கேயே போய்விடும்.

இடம். கான்கிரீட் சுவர், இரும்புக் கம்பி போட்ட ஜன்னல், பீரோ, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அலையை மறைக்கும். ஸ்கேனரைக் கையில் எடுத்துக்கொண்டு அறை அறையாக நடந்து பாருங்கள். ஒரே வீட்டில் ஒரு ஜன்னலோரம் தெளிவாகக் கேட்பது, நான்கு அடி தள்ளி வந்தால் இரைச்சலில் மூழ்கிப்போகும்.

அறிகுறி: விமானி பேசுவது கேட்கிறது, டவர் பதில் கேட்கவில்லை

புதியவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. டவர் என்பது விமான நிலையத்தின் கட்டுப்பாட்டுக் கோபுரம். சந்தோஷமான விஷயம், இதில் கோளாறே இல்லை.

இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போகின்றன. ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு தூரம் அதற்கு ‘தெரியும்’. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று கிடைக்கும். 10,000 மீட்டர் உயரத்தில் பறக்கும் விமானத்துக்கு 412 கிலோமீட்டர். தரையில் நின்று 1.5 மீட்டர் உயரத்தில் ஸ்கேனரைப் பிடித்திருக்கும் உங்களுக்கு 5 கிலோமீட்டர். 25 மீட்டர் உயர டவர் ஆன்டெனாவுக்கு 20 கிலோமீட்டர் சொச்சம். இரண்டு பக்கத்துத் தொடுவானங்களையும் கூட்டினால் அதுதான் எட்டும் தூரம். டவர் விஷயத்தில் திறந்த சமவெளியிலேயே 26 கிலோமீட்டருக்குள்தான்; நடுவில் கட்டடங்கள் வந்தால் இன்னும் குறையும். விமானமோ அடுத்த மாநிலத்தில் இருந்துகூடக் கேட்கும்.

9 மீட்டர் உயர மொட்டைமாடிக்குப் போனால் உங்கள் 5 கிலோமீட்டர் 12 ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயர் வாங்குவதற்கு முன் ஒரு முறை படியேறிப் பாருங்கள்.

பாதி உரையாடல் மட்டும் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சில சேவைகளில் இரு தரப்பும் வெவ்வேறு அலைவரிசையில் பேசுகிறார்கள். கப்பல்கள் பேசும் கடல்சார் வி.எச்.எஃப். பட்டையில் பொது அழைப்புக்கான சேனல் 16, அதாவது 156.800, இரு தரப்புக்கும் பொது. ஆனால் சேனல் 26-ல் கப்பல் 157.300-லும் கரை நிலையம் 161.900-லும் பேசும். நடுவே 4.6 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. இரண்டையும் மெமரியில் அடுத்தடுத்துப் போட்டால்தான் கேள்வியும் பதிலும் சேர்ந்து கேட்கும்.

அறிகுறி: பதில் வருவதற்குள் வேறு சேனலுக்குத் தாவிவிடுகிறது

டிலே செட்டிங் அணைந்திருக்கிறது. ஒருவர் பேசி முடித்தபின் ஸ்கேனர் அதே சேனலில் 2 நொடியாவது காத்திருக்க வேண்டும். அதை ஆன் செய்யுங்கள்.

பேச்சு நடக்கும்போதே சில நொடிகளுக்கு ஒரு தடவை ‘டக்’ என்று கண்ணிமைக்கும் நேரம் வெட்டி வெட்டி வந்தால் அது பிரையாரிட்டி. முன்னுரிமை கொடுத்த சேனலில் ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேனர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். இதைச் சிக்னல் கோளாறு என்று நினைத்து ஆன்டெனா மாற்றியவர்கள் உண்டு.

அறிகுறி: ஓடாமல் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது

அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். வெறும் இரைச்சல் என்றால் ஸ்குவெல்ச் போதவில்லை. ஒரு படி ஏற்றினால் ஓட ஆரம்பிக்கும். இரைச்சலே இல்லாமல் பேச்சும் இல்லாமல் மௌனமாக நிற்கிறது, அல்லது ஒரே சீரான ரீங்காரம் வருகிறது என்றால் ஆன்டெனாவைக் கழற்றுங்கள். கழற்றிய பிறகும் அதே வலுவோடு அதே சிக்னல் இருக்கிறதா? அது வெளியிலிருந்து வரவில்லை. ஸ்கேனருக்குள் இருக்கும் ஆசிலேட்டர்கள் (அதிர்வை உண்டாக்கும் சுற்றுகள்) தாங்களே உண்டாக்கும் சிக்னல் அது. ‘பேர்டி’ என்பார்கள். எல்லா ஸ்கேனரிலும் சில எண்களில் இருக்கும், பழுது அல்ல. ஸ்கேனர் அந்த எண்ணைத் தாண்டிப் போகும்படி லாக்-அவுட் செய்துவிட்டு மேலே போங்கள்.

ஆன்டெனாவைக் கழற்றியதும் போய்விட்டால் அந்தச் சிக்னல் வெளியிலிருந்துதான் வருகிறது. அநேகமாக உங்கள் வீட்டிலிருந்தே.

அறிகுறி: வீட்டுக்குள் மட்டும் உறுமல், வெளியே போனால் இல்லை

ஒரு முறை மூன்று நாளாக என் மேசையில் விமானப் பட்டை முழுக்க ஒரே உறுமல். 120-க்குப் பக்கத்தில் ஆரம்பித்து, கொஞ்சம் தள்ளி மறுபடி, இன்னும் கொஞ்சம் தள்ளி மறுபடி என்று சீரான இடைவெளியில் வந்தது. ஆன்டெனாவைத் துடைத்தேன், மாற்றினேன், ஸ்கேனரை ரீசெட் செய்தேன். பிறகுதான் அந்தச் சீரான இடைவெளி மனதில் பட்டது. மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு மொபைல் சார்ஜர் சொருகியிருந்தது. அதில் போன்கூட மாட்டவில்லை. பிடுங்கினேன், அந்த நொடியே உறுமல் நின்றது, தூரத்தில் ஒரு விமானி உயரம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது.

சார்ஜர், எல்.இ.டி. விளக்கு, வைஃபை ரௌட்டர், மடிக்கணினி அடாப்டர், சோலார் இன்வெர்ட்டர் என்று நொடிக்குப் பல ஆயிரம் தடவை மின்சாரத்தை வெட்டி வெட்டி வேலை செய்யும் எதுவும் இப்படிச் சத்தம் போடும். கண்டுபிடிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. ஸ்கேனரைப் பேட்டரியில் ஓடவிட்டு, உறுமல் வரும் எண்ணில் நிறுத்தி, வீட்டின் மெயின் சுவிட்சை ஒரு நிமிடம் அணையுங்கள். உறுமல் போனால் குற்றவாளி வீட்டுக்குள்ளேயே. திரும்பப் போட்டு, ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். போகவில்லை என்றால் அக்கம்பக்கம். ஸ்கேனரை எடுத்துக்கொண்டு நடந்தால் எங்கே வலுக்கிறது என்று காதே சொல்லும்.

ஸ்கேனரை அதன் சொந்த அடாப்டரில் போட்டால் மட்டும் இரைச்சல் கூடுகிறதா? கேட்கும்போது பேட்டரியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: விமான அலைவரிசையில் எஃப்.எம். பாட்டு கேட்கிறது

ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு இது வரும். ரிசீவரின் முன்பகுதி அவ்வளவு வலுவைத் தாங்க முடியாமல் திணறுகிறது. பெரிய ஆன்டெனா போட்டால் இன்னும் மோசமாகும். முதலில் மெனுவில், வரும் சிக்னலின் வலுவைக் குறைக்கும் அட்டனுவேட்டரை ஆன் செய்யுங்கள். பாட்டு அடியோடு மறைந்து, பேச்சு கொஞ்சம் மட்டும் குறைந்தால் திணறல்தான் காரணம் என்று உறுதியாகிவிடும். நிரந்தரத் தீர்வு, 88 முதல் 108 வரை மட்டும் தடுக்கும் ஒரு சிறிய ஃபில்டரை ஆன்டெனாவுக்கும் ஸ்கேனருக்கும் நடுவில் மாட்டுவது.

எளிய ரிசீவர்களில் இன்னொரு விதமாகவும் பாட்டு நுழையும். வரும் சிக்னலை உள்ளே 10.7 மெகாஹெர்ட்ஸ் என்ற இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றி வேலை செய்யும் ரிசீவர், அதன் இரு மடங்கான 21.4 தள்ளியிருக்கும் நிலையத்தையும் சேர்த்துப் பிடித்துவிடலாம். 122.0-ல் வரும் பாட்டு உண்மையில் 100.6-ல் ஒலிபரப்பாவதாக இருந்தால் இதுதான் நடக்கிறது. அதற்கும் அதே ஃபில்டர் உதவும்.

அறிகுறி: இரண்டு பேர் சேர்ந்து பேசும்போது கீச்சென்று கத்துகிறது

விமானப் பட்டையில் மட்டும் வந்தால் விட்டுவிடுங்கள். ஏ.எம்.மில் இரண்டு சிக்னல் ஒரே நேரத்தில் வந்தால் அவற்றின் அதிர்வெண் வித்தியாசம் ஊளையாகக் கேட்கும். எஃப்.எம்.மாக இருந்தால் வலுவான குரல் மற்றதை அப்படியே விழுங்கிவிடும். இன்னொருவரும் பேசினார் என்பதே யாருக்கும் தெரியாது. விமானப் பேச்சு இன்றும் ஏ.எம்.மில் நீடிப்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இதுவும் ஒன்று.

அறிகுறி: ஒரு சேனல் மட்டும் ரொம்ப மெதுவாகக் கேட்கிறது, அல்லது குரல் உடைகிறது

பேசுபவர் நேரோ (குறுகலான) எஃப்.எம்.மில் அனுப்ப, நீங்கள் அகலமான எஃப்.எம்.மில் கேட்டால் குரல் தெளிவாக, ஆனால் சன்னமாக இருக்கும். தலைகீழாக இருந்தால் உரக்கப் பேசும்போதெல்லாம் குரல் உடையும். மோடை ஒரு படி மாற்றுங்கள்.

அறிகுறி: குரலுக்குப் பதில் மோட்டார் ஓடுவதுபோல ஓசை

அது டிஜிட்டல். அதில் டி.எம்.ஆர்., பி25 என்று பல வகை உண்டு. டி.எம்.ஆர். கைக்கருவி ஒன்று நேராகப் பேசும்போது 30 மில்லிநொடி அனுப்பி 30 மில்லிநொடி நிறுத்தும். நொடிக்குச் சுமார் 17 துடிப்பு, ஹெலிகாப்டர் மாதிரி. பி25 என்றால் விடாத கரகரப்பு. இடைவெளியே இல்லாமல் நாள் முழுக்க ஒரே உறுமலாக வந்தால் அது ட்ரங்கிங் அமைப்பின் (சில அலைவரிசைகளைப் பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் முறை) கட்டுப்பாட்டுச் சேனலாக இருக்கலாம். எந்தக் குழு எந்த அலைவரிசைக்குப் போக வேண்டும் என்ற உத்தரவு மட்டும்தான் அதில் ஓடும்.

அனலாக் ஸ்கேனரில் இதற்கு எந்தச் செட்டிங்கும் இல்லை. அந்த வகை டிஜிட்டலைப் புரிந்துகொள்ளும் ஸ்கேனர் வேண்டும். அதுவும் என்கிரிப்ஷன் (பிறருக்குப் புரியாதபடி பூட்டும் மறையாக்கம்) இல்லாத பேச்சுக்கு மட்டுமே. என்கிரிப்ட் செய்த பேச்சை எந்த ஸ்கேனரும் திறக்காது. வாங்குவதற்கு முன்பே உங்கள் வட்டாரத்தில் நீங்கள் கேட்க ஆசைப்படும் சேவை எந்த முறையில் இயங்குகிறது என்று விசாரித்துவிடுங்கள்.

அறிகுறி: போட்ட எண்ணை ஏற்காமல் வேறு எண்ணாக்கிவிடுகிறது

ஸ்டெப் அளவுதான், அதாவது ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குத் தாவும் இடைவெளிதான் காரணம். விமானப் பட்டையில் 25 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியை மூன்றாகப் பிரித்து 8.33 ஆக்கியிருக்கும் நாடுகளில், விமானி சொல்லும் 118.010 என்பது சேனலின் பெயர். உண்மை அதிர்வெண் 118.0083. திரையில் அப்படித் தெரிந்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஸ்கேனரில் 8.33 ஸ்டெப்பே இல்லை என்றால் பக்கத்து எண்ணில் நின்று மங்கலாகக் கேட்கும்.

அமெரிக்கச் சந்தைக்காகச் செய்த ஸ்கேனரில் 824 முதல் 849, 869 முதல் 894 மெகாஹெர்ட்ஸ் வரை போட்டால் பிழைச் செய்தி வரும். செல்போன் பட்டை என்பதால் அந்நாட்டுச் சட்டப்படி தொழிற்சாலையிலேயே அடைத்துவிடுகிறார்கள்.

அறிகுறி: பேட்டரியில் சார்ஜ் தங்கவில்லை

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5. சில ஸ்கேனர்களில் பேட்டரி அறைக்குள் இரண்டில் எது என்று சொல்ல ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். அது ஆல்கலைன் பக்கம் இருந்தால் சார்ஜ் ஏறவே ஏறாது. தவறுதலாக மறுபக்கம் வைத்து ஆல்கலைனைச் சார்ஜ் செய்தால் பேட்டரி கசியும், வெடிக்கவும் கூடும். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவிட்சைப் பாருங்கள். சுவிட்ச் சரியாக இருந்தும் சார்ஜ் தங்கவில்லை என்றால் முனைகளில் வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவோ இருக்கிறதா என்று பார்த்து, காய்ந்த துணியால் துடைத்துவிட்டுப் போடுங்கள். சில வாரம் எடுக்கப்போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.